உப்புத் தண்ணி ஊரில் சுவரும் சடையும்: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், கட்டில் போட்டிருக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுவரில், உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு வட்டக் கறை இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அமுச்சி (அம்மாவின் அம்மா) அங்கே சாய்ந்துதான் உட்காருவார். தலையில் எப்போதும் எண்ணெய் மினுங்கும். இரண்டு தீபாவளிக்கு வெள்ளை அடித்தோம். இரண்டு தடவையும் பொங்கலுக்குள் கறை பழையபடி எட்டிப் பார்த்தது. மூன்றாம் முறை வந்த பெயின்டர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க்கா, இது செவுத்துல வந்த கறையில்லீங்க, தலையில இருந்து வந்ததுங்க. கீழ இருக்கற எண்ணையத் தடுக்காம நான் எத்தன கோட்டு அடிச்சாலும் மேல வந்துருமுங்க."

அன்றைக்குத்தான் எனக்கு வீட்டு அலங்காரமும் தலைமுடிப் பராமரிப்பும் ஒரே கணக்கில் வந்தன. நம் கொங்குப் பக்கம் இரண்டையும் கெடுப்பது அதே போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணியும், அதே மேற்குக் காற்றின் புழுதியும்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தண்ணியைச் சோதித்துப் பாருங்கள்

சிறுவாணித் தண்ணி வரும் கோவை வீதிகளில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள். பல்லடம், காங்கேயம், பெருந்துறை, அவிநாசி என்று போர் தண்ணியை நம்பி இருக்கும் நமக்கு இதுதான் முதல் வேலை.

ஒரு பாட்டிலில் பாதி அளவு தண்ணி பிடியுங்கள். சாதாரணக் குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை கட்டி, அடியில் தண்ணி தெளிவாக நின்றால் மென்மையான தண்ணி. நுரை இல்லாமல் பால் திரிந்த மாதிரி கலங்கினால் கடினத் தண்ணி. தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அந்தத் திரிசலை உண்டாக்குகின்றன. குளியலறை டைல்ஸில் வெள்ளையாகப் படிவதும், சோப்புப் போட்டுக் குளித்த முடியில் பிசுபிசுவென்று நிற்பதும் அதுதான்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். அறிக்கையில் டிடிஎஸ்ஸை (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மட்டும் பார்க்காமல் கடினத்தன்மை என்ற வரியையும் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். டிடிஎஸ்ஸுக்கு அதே கணக்கு 500, 2000. கையடக்க டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பு எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: குளோரினைக் கொஞ்சம் குறைக்கலாம், கடினத்தன்மைக்குப் பிரயோசனம் இல்லை. வீடு முழுக்க, கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் போட வசதி இருந்தால் போடுங்கள். அதற்கு அவ்வப்போது உப்புக் கொட்டி ஓட்டும் வேலை உண்டு. முடியாதவர்கள் தலையைக் கடைசியாக அலச மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஆற்றுத் தண்ணி, மழைத் தண்ணி, ஆர்ஓ தண்ணி எதுவானாலும் சரி. நான் பத்து வருடமாகச் செய்வது இதுதான்.

குழாயில் பூத்திருக்கும் வெள்ளை உப்புக்கு: எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து, பழைய துணியை நனைத்து, குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள். பிறகு தேய்த்தால் வந்துவிடும். ஆனால் கடப்பா, மார்பிள், மொசைக் மேல் அது ஒரு சொட்டும் விழக்கூடாது. அவை சுண்ணாம்புச் சத்துள்ளவை, புளிப்புப் பட்டால் அரித்துப் பளபளப்புப் போய்விடும். எங்கள் சமையல் மேடைக் கடப்பாவில் ஒரு நாக்கு வடிவத்தில் வெளுத்த இடம் இருக்கிறது. அது என் கைவண்ணம்.

சுவர் பொரிந்தால்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் பெயின்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறதா? அதுதான் உப்புப் பூத்தல். கட்டும்போது ஊற்றிய உப்புத் தண்ணி, பூமியிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், குளியலறைக் குழாய்க் கசிவு, இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் சுமந்து வருகிறது. ஈரம் காற்றில் போய்விட, உப்பு அங்கேயே தங்கிப் பெயின்டைத் தள்ளுகிறது.

முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடையுங்கள். அது ஆகாமல் வேறு எதைச் செய்தாலும் காசுக்குக் கேடு. அப்புறம் காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து முறத்தில் வாரி வெளியே போடுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள்; துடைத்தால் உப்புக் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். சில வாரம் காயவிட்டு, திரும்ப உப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிரைமர், பட்டி (சுவரை வழவழப்பாக்கும் பூச்சு), பெயின்ட் என்று போகலாம்.

நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் பழைய மண் சுவரா, சுண்ணாம்புக் காரைச் சுவரா? அதில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மூச்சை அடைக்காதீர்கள். நீலம் கலந்த சுண்ணாம்பே நல்லது. ஈரம் வெளியேற வழி விடும். அதிலும் ஒரு குறை உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் தலையிலும் சட்டையிலும் வெள்ளை ஒட்டும். அந்த உயரத்துக்கு மட்டும் ஒரு பாயோ துணியோ மாட்டிவிட்டால் தீர்ந்தது.

எப்போது அடிப்பது, எவ்வளவு வாங்குவது

நாம் எல்லோரும் தீபாவளிக்கு அடிக்கிறோம். ஐப்பசி மழை கொட்டும் நேரத்தில், சுவர் ஈரம் குடித்திருக்கும்போது. இதைவிடத் தப்பான மாதம் கிடையாது என்பேன். ஆடியில் அடித்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி எல்லாம் ஈரப் பெயின்டில் ஒட்டும். மாசி, பங்குனிதான் சரியான காலம். ஆள் சுலபமாகக் கிடைப்பார், கூலியும் பேசி முடிக்கலாம். தீபாவளி நோம்பிக்கு முன்னால் ஒரு தடவை துடைத்துவிட்டால் புதிதாகத்தான் தெரியும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரும். ஆக 3 முதல் 4 லிட்டர். ஒரே கலக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்ததும் மறுபடி போய்க் கலக்கினால் நிறம் துளியூண்டு மாறினாலும் சாயங்கால வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும்.

நிறத்தைக் கடைக்கார அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, மத்தியானம், டியூப் லைட் வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள். சிவப்புக் காவித் தரை இருக்கும் வீட்டில் தூய வெள்ளைச் சுவருக்கும் தரையின் சாயல் ஏறி லேசான ரோஸ் தெரியும். அங்கே மோர் நிறம் பொருந்தும். இந்த 'மோர் நிறம்' எந்த அட்டையிலும் இருக்காது. கடைக்காரரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்.

அந்தத் தேங்காய்க் கறை

எண்ணெய்க் கறைமேல் நேரடியாகத் தண்ணி கலந்த பெயின்ட் அடித்தால் எண்ணெய் ஊறி மேலே வரும். பெயின்டர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். டால்கம் பவுடரைத் தண்ணியில் குழைத்துக் கறைமேல் விரலளவு கனத்துக்கு அப்பி, ராத்திரி முழுக்க விட்டார். காலையில் அது மஞ்சளித்துக் காய்ந்திருந்தது. உதிர்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணியில் விட்டு, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடைத்தார். ஒருநாள் காயவிட்டார். பிறகு எண்ணெய் கலந்த பிரைமரை அந்த இடத்துக்கு மட்டும், கறையைத் தாண்டிச் சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு அடித்து, அது காய்ந்தபின்தான் மேல் பெயின்ட். நான்கு வருடமாக வரவில்லை.

வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒரு துணி மாட்டியிருக்கிறோம்.

துணி: இதில்தான் நாம் பணக்காரர்கள்

வீட்டை அழகாக்க ஆன்லைனில் தேடுவதற்கு முன் நம் ஊர்ப் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பவானி ஜமுக்காளம், சென்னிமலைப் போர்வை, கரூர்த் திரைச்சீலை, கோவைக் கோரா. வெளிநாட்டுக்காரன் கப்பலில் வரவழைத்து மாட்டும் திரையை நாம் டவுன் பஸ்ஸில் போய் வாங்கலாம்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரத்துக்கான இடம், ஒன்றிரண்டு வாங்குபவரை எல்லாக் கடையிலும் வரவேற்க மாட்டார்கள். ஆனாலும் விலையின் அடிமட்டம் தெரிந்துகொள்ளப் போய்ப் பார்க்கலாம்.

பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. கெட்டியான நூலில், குழித்தறியில் நெய்வது. வாங்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பட்டைக் கோடுகள் பின்பக்கமும் அதே தெளிவோடு இருந்தால் நெய்தது. பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சடித்தது. ஆசாரத்தில் விரிக்க மட்டும் அது இல்லை. நாங்கள் ஒரு பழைய ஜமுக்காளத்தை மூன்றடி உயரத்துக்கு மடித்துத் தைத்து, மேலே மூங்கில் கழி செருகி, கட்டிலுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறோம். அமுச்சி தலை சாய்ப்பது இப்போது சிவப்புப் பட்டையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தோய்ப்போம். வாஷிங் மெஷினில் போடாதீர்கள்; நனைந்த கனத்துக்கு மெஷின் ஆடும். தோய்க்கிற கல்லில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துவதே வழி. உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும் பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு. நெய்து முடித்த துணியில் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

திரைச்சீலைக்கு அளவு எடுக்கும்போது கம்பி, சட்டத்துக்கு மேலே 4 முதல் 6 அங்குலத்தில், இரண்டு பக்கமும் அரை அடி நீட்டி இருக்கட்டும். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும்; அதற்குக் குறைந்தால் வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். பருத்தி சுருங்கும், அதனால் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். மேற்கு ஜன்னலுக்குக் கனத்த துணி. ஆனி, ஆடியில் புழுதி அந்த வழியாகத்தான் உள்ளே வரும். வாரம் ஒருமுறை உதறினால் போதும், ஆனால் வெளியே போய் உதறுங்கள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு.

மஞ்சள் கறை பற்றி ஒரு வார்த்தை. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் பட்ட துண்டில் சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான். அலசி, நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். வெயிலே வெளுத்துவிடும்.

எண்ணெய்க் குளியல், நிதானமாக

இனி தலைக்கு வருவோம். எந்த எண்ணெய்? பக்கத்திலேயே காங்கேயத்துக் கொப்பரை இருக்க, வேறு தேட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊறக்கூடியது. அதனால் நனையும்போது முடியிலிருந்து புரதம் கழிவது குறைகிறது. மினரல் எண்ணெய் மேலே பூசினாற்போல் நிற்கும், அவ்வளவே. நல்லெண்ணெய் வாரக் குளியலுக்கு. விளக்கெண்ணெய் கெட்டி, கால் பங்குக்கு மேல் கலந்தால் அலசுவதற்குள் கை ஓய்ந்துவிடும். எண்ணெய் வைத்தால் முடி நீளமாக வளரும் என்று நான் சொல்ல மாட்டேன். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர்தான் வளரும். எண்ணெய் செய்வது, வளர்ந்ததை உடையாமல் காப்பது.

செய்முறை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்பது வழக்கம்; வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு வைத்துக்கொண்டாலும் முடி கோபித்துக்கொள்ளாது. எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் புகைய விடாதீர்கள். முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுங்கள். விரல் நுனியால், நகம் படாமல், வகிடு வகிடாகத் தடவுங்கள். மிச்சத்தைத் தண்டில் இழுத்து, நுனிக்குத் தாராளமாக. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும்.

பொடுகு இருப்பவர்கள் இங்கே நின்றுவிடுங்கள். 'வறட்சியால் பொடுகு, எண்ணெய் வை' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் அறிவுரை. பொடுகில் ஒரு பூஞ்சைக்குப் பங்கு உண்டு, அதற்கு எண்ணெய்தான் தீனி. கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசி, பொடுகு அடங்கியபிறகு எண்ணெய்க்கு வாருங்கள்.

அரப்பு

சீயக்காய் எல்லா ஊரிலும் உண்டு. அரப்பு நம் பக்கத்துச் சமாச்சாரம். உசிலை மரத்து இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் அரப்புத்தூள். நுரை அதிகம் வராது, ஆனால் எண்ணெயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சோப்பு மாதிரி கடினத் தண்ணியில் திரியாது என்பதே நமக்கு அதன் பெரிய உபகாரம்.

கடைத் தூளை அப்படியே போடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் சலித்தால் காம்புத் திப்பி அடியில் தங்கும். அந்தத் திப்பிதான் முடியில் சிக்கிக்கொண்டு மூன்று நாள் வம்பு செய்வது. இடுப்பு வரை முடி என்றால் மூன்று கரண்டி தூள். தண்ணிக்குப் பதிலாக வடித்த கஞ்சி, ஆறியது, விட்டுக் குழையுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக வேண்டும். பத்து நிமிடம் ஊறட்டும். அதற்குள் வழவழப்பு ஏறி, வெட்டின புல் மாதிரி வாசம் வரும்.

முடியை லேசாக மட்டும் நனைத்து, குழைத்ததை உச்சியில் வைத்துத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டால் மிளகாய் மாதிரி எரியும், குழந்தைகள் வீடு அதிர அழும். எங்கள் சின்னது ஒரு சனிக்கிழமை அரப்போடு வாசல் வரை ஓடிப்போய் நின்றதை வீதியே பார்த்தது. மூன்று நிமிடம் போதும், ஊற வைக்க வேண்டாம். அலசும்போது தலையைக் கவிழ்த்து, விரலால் கோதிக்கொண்டே, வழியும் பச்சை நிறம் தெளியும் வரை தண்ணி ஊற்றுங்கள். கடைசி இரண்டு சொம்பு அந்த நல்ல தண்ணி. மாதம் இருமுறை, ஒரு லிட்டர் தண்ணியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து அலசலாம், உப்புப் படிவு இளகும். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு தொல்லை: பச்சைத் தூள் டைல்ஸ் இடுக்கில் தங்கும், சாக்கடைக் குழியை அடைக்கும். சல்லடை மூடியில் பழைய நைலான் வலை ஒன்றைப் போட்டுவிட்டுக் குளியுங்கள். வெளிர் நிற டைல்ஸ் பதிக்கப் போகிறவர்கள் குளியலறைத் தரைக்காவது சாம்பல் நிறம் எடுங்கள். உப்பும் தெரியாது, அரப்பும் தெரியாது.

மற்ற நாட்கள்

தினமும் தலைக்குக் குளிக்கிறவர்கள் மிதமான ஷாம்பூவை உள்ளங்கையில் தண்ணி விட்டுக் கரைத்து, மண்டைக்கு மட்டும் போடுங்கள். நுனிக்கு வழிந்து வருவதே போதும். துண்டால் அடித்து உதறுவதை நிறுத்துங்கள். பழைய பனியன் துணியால் சுற்றிப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். திருப்பூர் பக்கத்தில் பனியன் துணிக்குப் பஞ்சமா? ஈரத்தில் முடி இழுபடும், உடையும். முக்கால்வாசி காய்ந்தபிறகு சீப்பு.

ஸ்கூட்டரில் போகிறவர்கள் மெல்லிய பருத்தித் துணி கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுங்கள், துணியைத் தினமும் மாற்றுங்கள். ஈரத் தலையில் ஹெல்மெட் வேண்டாம், ஈரத் தலையில் பூவும் வேண்டாம். சத்தியமங்கலத்து மல்லி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈரச் சடையில் ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் புளித்த வாசம் வரும்.

முடி கொட்டுகிறது என்றால் சீப்பில் வந்ததை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன முடிச்சு இருந்தால் வேரோடு வந்தது. முடிச்சு இல்லாமல் குட்டையாக இருந்தால் உடைந்தது. உப்புத் தண்ணி, ஈரச் சீப்பு, இறுக்கக் கட்டு இவை பெரும்பாலும் உடைக்கும் ரகம். வேரோடு ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. பிரசவம், பெரிய காய்ச்சல், அறுவைச் சிகிச்சை ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டலாம், பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், வட்டமாகச் சொட்டை விழுந்தால், வகிடு அகன்றுகொண்டே போனால், தோல் மருத்துவரிடம் போங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு சோதனையை அவர் எழுதக்கூடும். எண்ணெய் மாற்றி மாற்றி ஒரு வருடத்தைக் கழித்தவள் சொல்கிறேன்.

காப்புக் கட்டு

வருடத்தில் ஒரு நாள் வீட்டை அலங்கரிக்கக் காசே வேண்டாம். போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, எரவாரத்தில் (கூரை விளிம்பில்) நான்கு மூலைக்கும், வாசலுக்கும், தொட்டிக்கும், மாட்டுக் கட்டுத்தறிக்கும் செருகுவோம். இதுதான் காப்புக் கட்டு. வெள்ளை, மஞ்சள், பச்சை. காவித் தரைக்கும் மோர் நிறச் சுவருக்கும் இவ்வளவு பொருத்தமான தோரணத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பூளைப்பூவை விடிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே பறித்தால் உதிராது. நூலால் கட்டாமல் வாழை நாரால் கட்டுங்கள், காய்ந்தாலும் இறுகிப் பிடிக்கும்.

மாசி வரை அது அங்கேயே காயும். வாசல் கூட்டக் குனியும்போது வெள்ளைப் பஞ்சு மாதிரி உதிர்ந்து தலையில் விழும். அமுச்சி என் வகிட்டைப் பார்த்து, "நரைச்சுப் போச்சா கண்ணு?" என்று பதறிவிட்டு, கிட்ட வந்து ஊதிப் பார்ப்பார். தண்ணி தொடாதீர்கள், நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த சீப்பை ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும்.